அறுபத்தாறாவது கம்பம்

குதிரைவாலிப்பட்டியிலிருந்து மெயின்ரோட்டு முக்கு வரைக்கும் மொத்தம் அறுபத்தாறு கரண்டுக் கம்பம் என்பது, ஊர்க்காரர்களை நாற்பத்தாறாவது கம்பத்துக்கு மேல் விடமாட்டேன் என்று ரோடு முரண்டு பிடித்த அந்த மாசி மாசத்துக்கு முன்னால், ஊரில் ஒருத்தருக்கும் தெரியாது. கம்பத்தை எண்ணுவது வேலைவெட்டி இல்லாதவன் செய்கிற காரியம் என்று இருந்துவிட்டார்கள். மேலத்தெரு மாரிக்கனிக்கு மட்டும் அரைகுறையாகத் தெரியும், ஏனென்றால் அவள் மகள் யாழினிக்கு ஒவ்வொரு கம்பத்தையும் தொட்டுவிட்டுத்தான் அடுத்த அடி வைக்க வேண்டும். தொடாமல் இழுத்துக்கொண்டு போனால் அங்கேயே உட்கார்ந்துவிடுவாள்.

யாழினிக்குப் பிறவியிலேயே காது கேட்காது. பேர் வைத்த அன்றைக்கு அது யாருக்கும் தெரியாது. தெரிந்த பிறகு பேரை மாற்றிவிடலாமா என்று மாமியார் கேட்டதற்கு, யாழ் தன் சத்தத்தைத் தானே கேட்கவா செய்கிறது என்று சிரித்துச் சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனவள் மாரிக்கனி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு உதவியாளர் வேலை, வீட்டில் இரண்டு ஆடு, லோடு ஆட்டோ ஓட்டுகிற புருஷன் அய்யாத்துரை, இத்தனைக்கும் நடுவில் சிரிக்கவும் நேரம் ஒதுக்கி வைத்திருந்தாள். மதுரையில் காதுக்குள் கருவி வைக்கிற ஆபரேஷன் ஒன்று உண்டு, பிள்ளைக்கு ஆறு வயது முடிவதற்குள் செய்தாக வேண்டும், முடிந்துவிட்டால் நான் ஒன்றும் சொல்வதற்கில்லை என்று அங்கே டாக்டர் சொல்லியிருந்தார். நவம்பர் இருபத்திமூன்று வந்து படுக்க வேண்டும், இருபத்திநாலு ஆபரேஷன் என்று சீட்டும் எழுதிக் கொடுத்திருந்தார்கள். டிசம்பர் ஐந்தோடு யாழினிக்கு ஆறு முடிகிறது.

ரோடு முரண்டு பிடித்த கதைக்கு வருவோம். அந்த வருஷம் ஊருக்குள் ஒரே ஒரு வேலை செய்துகொள்ளலாம் என்று பஞ்சாயத்துக்கு உத்தரவு வந்தது. குதிரைவாலிப்பட்டியில் எதையும் புளியங்கொட்டை போட்டுத்தான் முடிவு செய்வார்கள். வீட்டுக்கு ஒரு கொட்டை. அதன் ஒரு பக்கத்தைத் தரையில் உரசி வெள்ளையாக்கி, வீட்டு ஆம்பிளை கோயில் வாசலுக்குக் கொண்டுபோய், வேட்டி போட்டு மூடியிருக்கிற கலயங்களில் தனக்கு வேண்டியதில் கையை விட்டுப் போட்டுவிட்டு வருவார். எதில் கூடுதலோ அது ஊர் முடிவு. அந்த மாசியில் நாலு கலயம் வைத்தார்கள். வடக்குத்தெரு கலையரங்கம் கேட்டது. வருஷா வருஷம் கோயில் கொடைத் திருவிழாவுக்கு டிராக்டர் டிரெய்லர் மேல் நாடகம் போட்டு, ராஜா வேஷக்காரன் பலகை இடுக்கில் கால் சிக்கி நிற்பதைப் பார்த்துப் பார்த்து அவர்களுக்கு மானம் போய்க்கொண்டிருந்தது, ஊரிலேயே உப்புக் கரிக்காத ஒரே கிணறும் அவர்கள் தெருவில்தான் இருந்தது. மற்ற மூன்று தெருவும் தண்ணீர்த்தொட்டி கேட்டன. கேட்டன என்றாலும் கீழத்தெரு தன் களத்தில் கேட்டது, மேலத்தெரு தன் முக்கில் கேட்டது, தெற்குத்தெரு பள்ளிக்கூடத்துத் திடலில் கேட்டது. கலயத்தைக் கவிழ்த்து எண்ணினால் கீழத்தெருவுக்கு முப்பத்திநாலு, மேலத்தெருவுக்கு இருபத்தொன்பது, பள்ளிக்கூடத்துக்கு இருபத்தொன்று, கலையரங்கத்துக்கு நாற்பத்தாறு. தண்ணீர் கேட்ட எண்பத்துநாலு வீடும் காலிக் குடத்தோடு திரும்ப, நாற்பத்தாறு வீட்டுக் கலையரங்கம் ஜெயித்தது. வடக்குத்தெருப் பெரிய தலை கோமதிநாயகம் அண்ணாச்சி மறுநாளே முதல் செங்கலை எடுத்து வைத்தார்.

அதற்கடுத்த நாள் காலை ஒன்பது மணி பஸ்ஸில் ஏறிய பதினாலு பேரும் நாற்பத்தாறாவது கம்பத்தைத் தாண்டுகிற இடத்தில் பஸ்ஸுக்குள் இல்லை. பையும் கையுமாக முதல் கம்பத்தடியில் நின்றுகொண்டிருந்தார்கள். பஸ் அதுபாட்டுக்குப் போய்விட்டது. சைக்கிளில் போனவர்கள் முதல் கம்பத்துக்கு வந்தார்கள், காட்டு வழியாகக் குறுக்கே போனவர்களும் முதல் கம்பத்துக்கு வந்தார்கள், பின்பக்கமாகவே நடந்து பார்த்த தெற்குத்தெருச் சேர்மக்கனியும் முதுகு முதல் கம்பத்தில் இடிக்க வந்து சேர்ந்தான். வெளியூர்க்காரர்களுக்கு ஒரு தடையும் இல்லை, வந்தார்கள், போனார்கள். கொட்டை போட்ட நூற்றிமுப்பது வீட்டுக்காரர்களைத்தான் ரோடு திருப்பி விட்டது.

கலையரங்க வேலையை அந்த முதல் செங்கலோடு நிறுத்திவிட்டு, முதல் வாரம் பூஜை போட்டார்கள். இரண்டாவது வாரம் அதிகாரிகள் வந்து டேப் பிடித்து அளந்து, சாலை நல்ல நிலையில் இருக்கிறது என்று எழுதிக்கொண்டு போனார்கள். மூன்றாவது வாரம் பழகிவிட்டது. நாற்பத்தாறாவது கம்பத்தடியில் ஒரு டீக்கடை முளைத்தது, பக்கத்தில் பருத்தி நிறுக்கத் தராசு வந்தது, வெளியூர் வியாபாரிகள் அங்கேயே வந்து நின்றார்கள், அய்யாத்துரை லோடு ஆட்டோவை நாற்பத்தாறு கம்பத்துக்கு மட்டும் ஓட்டினான். இடத்துக்குப் பேரே ‘நாப்பத்தாறு’ என்று ஆகிவிட்டது. பொண்ணு பார்க்க வந்தவர்கள் நாப்பத்தாறில் பாய் விரித்து உட்கார்ந்து பேசி முடித்தார்கள். கல்யாணமாகிப் போகவேண்டிய கீழத்தெருப் பெண் ஒருத்தி போக முடியாததால் மாப்பிள்ளை மூட்டை கட்டிக்கொண்டு இங்கே வந்துவிட்டான், அதைப் பார்த்து நாலைந்து மாமியார்கள் இந்த ரோடு இருபது வருஷத்துக்கு முன்னாலேயே மடங்கியிருக்கக் கூடாதா என்று பெருமூச்சு விட்டார்கள்.

மாரிக்கனியால் மட்டும் பழக முடியவில்லை. சீட்டில் தேதி இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஆறு ஏழு எட்டாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்கிற ஸ்டெல்லா டீச்சர் சாத்தூர்ப் பக்கத்துக்காரி, ஒன்பது மணி பஸ்ஸில் வந்து நாலரை பஸ்ஸில் போகிறவள். இருவரும் ஒரே வயசு, சோற்றுச் சட்டியைக் கழுவுகிற நேரத்தில் ஊர்க்கதை பேசிப் பேசிச் சிநேகிதமானவர்கள். ஒருநாள் மாரிக்கனி யாழினியை டீச்சர் மடியில் உட்கார வைத்து, இனிமேல் இவள் உன் பிள்ளை, எனக்கும் இவளுக்கும் ஒன்றுமில்லை என்று பஸ்ஸுக்குக் கேட்கிறமாதிரி மூன்று தடவை சொல்லி அனுப்பினாள். நாற்பத்தாறில் டீச்சர் மடி காலியானது. யாழினி முதல் கம்பத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, இன்னொரு தடவை என்று கையை ஆட்டிச் சிரித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு அது நல்ல விளையாட்டாக இருந்தது.

அன்றைக்குத்தான் மாரிக்கனி கம்பங்களை ஒழுங்காக எண்ணினாள். எண்ணிவிட்டு டீச்சரிடம் வந்து, கலையரங்கத்துக்கு விழுந்ததும் நாப்பத்தாறு, ரோடு விடுவதும் நாப்பத்தாறு, இது என்ன கூத்து என்று கேட்டாள். டீச்சர் மறுநாள் பஸ்ஸில் வரும்போது மிச்சத்தை எண்ணிக்கொண்டு வந்தாள். மெயின்ரோட்டு முக்கில் நிற்பது அறுபத்தாறாவது கம்பம்.

“நூத்திமுப்பதுல பாதி அறுபத்தஞ்சு. அதுக்கு மேல ஒண்ணு அறுபத்தாறு. ஊர்ல பாதிக்கு மேல உள்ளவங்க சம்மதிச்ச முடிவுன்னா ரோடு விடும்போலிருக்கு மாரி.”

ஊர்க்கூட்டத்தில் இதைச் சொன்னபோது யாருக்கும் மறுப்பில்லை. திரும்பக் கொட்டை போட்டால் போச்சு என்றார்கள். வைகாசியில் திரும்பப் போட்டார்கள். அவரவர் தெருவுக்கு அவரவர் போட்டார்கள், வடக்குத்தெருவில் ஐந்து வீட்டு இளவட்டங்கள் மட்டும் கிரிக்கெட் மைதானத்துக்கு என்று தனிக் கலயம் வைத்துப் போட்டார்கள். கலையரங்கம் நாற்பத்தொன்று ஆனது, ஆனாலும் அதுதான் கூடுதல். ரோடு நாற்பத்தொன்றுக்குச் சுருங்கியது. நாப்பத்தாறு டீக்கடைக்காரர் தன் கடையில் பால் பொங்கி வழிவதை ஐந்து கம்பத்துக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ ரகசியமாக முப்பது கள்ளக்கொட்டை உரசிப் போட்டுப் பார்த்தார்கள். ரோடு அசையவில்லை. இனிமேல் இந்த ஊரில் கொட்டை என்ற பேச்சே எடுக்கக் கூடாது, இருக்கிற நாற்பத்தொன்று கம்பமாவது மிஞ்சட்டும் என்று கோமதிநாயகம் அண்ணாச்சி சொன்னதற்கு எல்லாத் தெருவும் தலையாட்டியது. ஊர் முழுக்க ஒரே மனசாக இருந்தது அந்த ஒரு விஷயத்தில்தான்.

ஆடி போனது, ஆவணி போனது. மாரிக்கனி சீட்டை எடுத்துப் பார்ப்பதும் அரிசிப் பானைக்குள் திரும்ப வைப்பதுமாக இருந்தாள். புரட்டாசியில் ஒரு மத்தியானம், யாழினிக்குத் தின்பண்டம் கொடுக்கிறபோது ஸ்டெல்லா டீச்சர் பக்கத்தில் இருந்தாள். என்ன வேண்டும் என்று கேட்டால் யாழினிக்குக் கேட்காது. ஒன்றைக் காட்டினால் அதையே பிடித்துக்கொண்டு, அது தீர்ந்துவிட்டால் ஊரைக் கூட்டுவாள். அதனால் மாரிக்கனி ஒரு வழி வைத்திருந்தாள். இருக்கிறதையெல்லாம் தட்டில் பரப்பிவிடுவாள். யாழினி தனக்கு ரொம்பப் பிடித்தது முதலில், அதற்கடுத்தது அடுத்து என்று வரிசையாக அடுக்குவாள். முதலாவது இல்லையென்று கையை விரித்தால் ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் இரண்டாவதை எடுத்துக்கொள்வாள். ஏனென்றால் அந்த இரண்டாவதும் அவளே வைத்ததுதான்.

டீச்சர் வாயில் போட்ட முறுக்கை மெல்லாமல் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“நம்ம ஊர்க்காரங்ககிட்ட ஒண்ணே ஒண்ணுதானடி கேட்டோம். ரெண்டாவது எதுன்னு கேக்கவே இல்லையே.”

இருவரும் சேர்ந்து யோசித்த கணக்கு இதுதான். ஒரு வீட்டுக்கு ஒரு நூல், ஒரு முனையில் முடிச்சு. மொச்சை கலையரங்கம், தட்டாம்பயறு கீழத்தெரு, சோளம் மேலத்தெரு, கடலை பள்ளிக்கூடம். நாலையும் ஊறவைத்து, பிடித்தது முடிச்சுக்குப் பக்கத்தில் வருகிறமாதிரி வரிசையாகக் கோக்க வேண்டும். நூற்றிமுப்பது நூலையும் கொடியில் தொங்கவிட்டு, கபடிப் போட்டியில் ஒவ்வொரு ஊரும் மற்ற ஊரோடு மோதுகிற மாதிரி, இரண்டிரண்டாக மோதவிட வேண்டும்: மொச்சையா கடலையா, எத்தனை நூலில் எது முடிச்சுக்குக் கிட்ட இருக்கிறது? கடலையா சோளமா? இப்படி ஆறு மோதல். எல்லாரையும் ஜெயிக்கிறது எதுவோ அது ஊர் முடிவு. வேறு மாதிரியும் எண்ணலாம், எண்ணுகிற விதத்துக்குத் தக்க முடிவும் மாறும், அதனால் எப்படி எண்ணப்போகிறோம் என்பதை நூல் கோப்பதற்கு முன்னாலேயே ஊர் ஒத்துக்கொள்ள வேண்டும், கோத்து முடித்துவிட்டு எண்ணுகிற விதத்தைத் தேடினால் அது கணக்கில்லை, வக்கீல் வேலை என்று டீச்சர் சொன்னாள்.

கொட்டை என்ற பேச்சைத்தானே எடுக்கக் கூடாது, இது பயறு என்று மாரிக்கனி கூட்டத்தில் சொல்ல, எல்லாரும் சிரித்துவிட்டார்கள், சிரித்த சூட்டிலேயே ஒத்துக்கொண்டும் விட்டார்கள். ஆனால் அந்தக் கூட்டம் கூடுவதற்குள் நவம்பர் பிறந்து இரண்டு வாரம் ஆகியிருந்தது.

ஒத்துக்கொண்ட அன்றே ஒவ்வொரு தெருவும் தனித்தனியாகக் கூடி யோசித்தது. யாருக்கும் பள்ளிக்கூடத் திடல் மேல் பெரிய வெறுப்பில்லை; எல்லாத் தெருவுக்கும் அது இரண்டாவதாகத்தான் இருக்கும்; அப்படியென்றால் மோதலில் அதுதான் ஜெயிக்கும் என்பதைக் கீழத்தெருவும் கண்டுபிடித்தது, மேலத்தெருவும் கண்டுபிடித்தது. கடலையைக் கொண்டுபோய்க் கடைசியில் தள்ளு, மொச்சைக்கும் கீழே தள்ளு என்று இரண்டு தெருவிலும் பேச்சு போனது. மாரிக்கனிக்கு அது சரியில்லை என்று தெரியும். ஆனால் அவள் வீட்டிலிருந்து எட்டு எட்டு வைத்தால் மேலத்தெரு முக்கு வந்துவிடும். அங்கே தொட்டி வந்தால் இடுப்பில் குடமும் கையில் பிள்ளையுமாகத் திடலுக்கு நடக்க வேண்டாம். நூற்றிமுப்பதில் ஒரு நூல்தானே, ஒரு நூலால் என்ன வந்துவிடப்போகிறது என்று, அய்யாத்துரை கோத்துக்கொண்டிருந்த நூலைத் தானே வாங்கிக் கடலையைக் கடைசியில் தள்ளினாள். கீழத்தெருவில் முப்பத்திநாலு வீடும் மேலத்தெருவில் இருபத்தொன்பது வீடும் அதே நேரத்தில் அதையேதான் நினைத்தன.

கொடியில் தொங்கிய நூலை டீச்சர் எண்ணினாள். கலையரங்கம் பள்ளிக்கூடத்தை ஜெயித்தது, நூற்றொன்பதுக்கு இருபத்தொன்று. பள்ளிக்கூடம் கீழத்தெருவை ஜெயித்தது, அறுபத்தேழுக்கு அறுபத்திமூன்று. கீழத்தெரு கலையரங்கத்தை ஜெயித்தது, எண்பத்துநாலுக்கு நாற்பத்தாறு. மேலத்தெரு இரண்டு பேரிடம் தோற்று ஓரமாக நின்றது. எல்லாரையும் ஜெயித்தது யார் என்று கேட்டார்கள். டீச்சர் திரும்ப எண்ணினாள், மூன்றாவது தடவையும் எண்ணினாள்.

“யாருமில்ல. இவனை அவன் ஜெயிச்சா, அவனை இன்னொருத்தன் ஜெயிக்கிறான், அந்த இன்னொருத்தனை இவன் ஜெயிக்கிறான். வட்டமா சுத்துது.”

மறுநாள் காலை மாரிக்கனி குடத்தை எடுத்துக்கொண்டு முன்வாசல் வழியாகத் தெருவில் இறங்கி, பத்து எட்டு வைத்து, தன் வீட்டுப் பின்வாசல் வழியாக அடுப்படிக்குள் நுழைந்தாள். திரும்ப இறங்கினாள், திரும்ப நுழைந்தாள். பக்கத்து வீட்டு மயினி ஒச்சம்மாளும் அவள் வீட்டுக்குள் அதே மாதிரி சுற்றிக்கொண்டிருந்தது சுவருக்கு அந்தப் பக்கம் கேட்டது. சுவருக்கு மேலே எட்டி ஒரு கிண்ணம் குழம்பை நீட்டினால், கிண்ணம் தன் பின்பக்கத்துச் சுவர் வழியாகத் தனக்கே வந்தது. நூற்றிமுப்பது வீடும் இப்படித்தான். ரோடு நாற்பத்தொன்றில் நின்றபோது சிரித்துக்கொண்டிருந்த ஊர் அன்றைக்குச் சிரிக்கவில்லை. ஆனாலும் இரண்டு நாளில் அதற்கும் ஒரு வழக்கம் உண்டாகிவிட்டது: வெளியூர் லாரிக்காரர் வீடு வீடாகத் தண்ணீர் ஊற்றினார், காலையில் ஒரு வீட்டுக்காரர் குரல் கொடுக்க அடுத்த வீடு பதில் கொடுக்க அதற்கடுத்த வீடு கேட்க, ஊர் முழுக்கச் சத்தத்தாலேயே நடமாடியது. சண்டை சுவர் வழியாக நடந்தது, சமாதானம் சுவர் வழியாக நடந்தது, ஒச்சம்மாள் சொல்லச்சொல்ல மூன்று வீடு தள்ளி ஒருத்தி மீன்குழம்பு வைத்தாள்.

யாழினி முதல் நாள் முன்வாசலில் ஓடிப் பின்வாசலில் வந்து கைகொட்டினாள். இரண்டாம் நாளும் ஓடினாள். மூன்றாம் நாள் வாசற்படியில் உட்கார்ந்து தெருவையே பார்த்துக்கொண்டிருந்தாள். தெருவில் ஆள் இல்லை. சுவருக்கு அந்தப் பக்கத்தில் ஒச்சம்மாள் கத்துவதும், எதிர்வீட்டில் ரேடியோ பாடுவதும், கோயில் மைக்கில் வெளியூர் ஆள் யாரோ தும்முவதும் அவளுக்கு இல்லை. உலகத்தில் ஒரு வீடு, அதில் ஒரு அம்மா, ஒரு அப்பா, இரண்டு ஆடு. மற்ற எல்லாரும் செத்துப்போனார்களா என்று கேட்கிற மாதிரி அவள் கையைத் தெருப்பக்கம் நீட்டி, விரித்து, மடக்கினாள். மாரிக்கனி பதிலுக்குச் சுவரைக் காட்டிக் காதைக் காட்டினாள். யாழினிக்கு விளங்கவில்லை.

மற்ற எல்லாருக்கும் மூன்று நாளாக இருக்கிற சிறை பிள்ளைக்குக் கிட்டத்தட்ட ஆறு வருஷமாக இருக்கிறது என்பது மாரிக்கனிக்கு அப்போதுதான் உறைத்தது. அதை இன்னும் அறுபது வருஷத்துக்கு நீட்டிவிடத் தன் கையும் ஒரு கடலையைத் தள்ளியிருக்கிறது என்பதும் உறைத்தது. எப்பேர்ப்பட்ட நாளிலும் ஒரு சிரிப்பை மிச்சம் வைத்திருக்கிறவள் அன்றைக்கு அடுப்பங்கரையில் உட்கார்ந்து, முழங்காலில் முகத்தை வைத்துக்கொண்டாள். அய்யாத்துரை பக்கத்தில் உட்கார்ந்து ஆட்டுக்குட்டியைத் தடவிக்கொண்டிருந்தான். தேதி பத்தொன்பது.

பிறகு எழுந்துபோய்ச் சுவரோரம் நின்று கூப்பிட்டாள்.

“மயினி. போன தடவை கடலையைக் கடைசில கோத்தது நான்தான். மனசறிஞ்சு கோத்தேன். இதை அப்படியே அடுத்த வீட்டுக்குச் சொல்லுங்க.”

ஒச்சம்மாள் கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். பிறகு அடுத்த சுவருக்குப் போய்ச் சொன்னாள். அந்தச் சுவர் அதற்கடுத்த சுவருக்குச் சொன்னது. மேலத்தெருவைச் சுற்றி, தெற்குத்தெருவுக்குள் புகுந்து, கீழத்தெருவை முடித்து, வடக்குத்தெருக் கடைசி வீடு வரைக்கும் மேலத்தெரு மாரிக்கனி கடலையைக் கடைசியில் கோத்தாளாம் என்ற பேச்சு போய்ச் சேர்ந்தது. அவள் சுவரோரமே நின்றாள். வெயில் ஏறி இறங்குகிற நேரத்தில் பதில் ஒன்று ஒன்றாகத் திரும்பி வந்தது. நானும்தான் என்றது ஒரு சுவர். எங்க வீட்டுலயும்தான் என்றது ஒரு சுவர். தெருவுல சொன்னாங்க, செஞ்சோம் என்றது ஒன்று. என் வீட்டுக்காரர் கோத்தார், எனக்குத் தெரியாது, என்னைக் கேட்டிருந்தால் கடலையை ரெண்டாவது வச்சிருப்பேன் என்றது ஒன்று, அதற்குப் பின்னால் அந்த வீட்டுக்காரர் ஏதோ முனகுவதும் சேர்ந்தே வந்தது.

அந்தக் கடைசிப் பதிலைத்தான் மாரிக்கனி பிடித்துக்கொண்டாள். திரும்பவும் சுவர் வழியாகச் சொல்லிவிட்டாள்: இந்தத் தடவை எந்த வீட்டில் யார் தண்ணீர் தூக்குகிறார்களோ அவர்கள் கோக்கட்டும்; தெருப் பேச்சைக் கேட்காமல், மனசில் உள்ளபடி கோக்கட்டும்; எண்ணுவதை ஒருத்தர் மட்டும் எண்ண வேண்டாம், எல்லாரும் எண்ணட்டும். ஆம்பிளைகள் கையால் புளியங்கொட்டை போட்ட ஊரில் இது பெரிய பேச்சு. கோமதிநாயகம் அண்ணாச்சி என்ன சொன்னார் என்று கேட்டு அனுப்பினாள். அவர் ஊசியைத் தேடி எடுத்து வீட்டம்மா ராசம்மாளிடம் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துவிட்டார் என்று பதில் வந்தது.

இருபத்திரண்டாம் தேதி ஸ்டெல்லா டீச்சர் ஒரு கூடையில் நூலும் ஊறவைத்த பயறுமாக நூற்றிமுப்பது வீடும் ஏறி இறங்கினாள். இந்தக் கணக்குக்கு வாத்தியார் வேலை போதாது, ஒட்டகம் வேண்டும் என்று அவள் வாசலுக்கு வாசல் புலம்பிக்கொண்டு வந்தது மாரிக்கனிக்குத் தூரத்திலேயே கேட்டது. ஒருவர் கோப்பது அடுத்தவருக்குத் தெரிய வழியில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள யாரும் சுவரோரம் போகவும் இல்லை. ஊர் அன்றைக்கு அவ்வளவு அமைதியாக இருந்தது.

மாரிக்கனி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தாள். பாவத்துக்குப் பரிகாரமாகக் கடலையை முதலில் கோத்துவிடலாமா என்றிருந்தது. அதுவும் பொய்தான். எட்டு எட்டில் தொட்டி வேண்டும் என்கிற ஆசை இன்னும் அப்படியேதான் இருந்தது. சோளத்தை முதலில் கோத்தாள், கடலையை இரண்டாவது. ஆசையை விட்டுக்கொடு என்று கணக்கு அவளைக் கேட்கவில்லை. இரண்டாவதை மறைக்காதே என்று மட்டும்தான் கேட்டது. மூன்றாவது தட்டாம்பயறு, கடைசியில் மொச்சை. டீச்சர் வாசலில் நின்று நூலை வாங்கிக் கூடையில் போட்டாள், வரிசையைப் பார்க்காமலே.

மத்தியானத்துக்கு மேல் கோயில் மைக்கில் டீச்சர் ஒவ்வொரு நூலாக எடுத்து வாசித்தாள். யார் வீட்டு நூல் என்று அவளுக்கும் தெரியாது. கடலை, மொச்சை, சோளம், தட்டாம்பயறு. தட்டாம்பயறு, கடலை, சோளம், மொச்சை. மொச்சை, கடலை, தட்டாம்பயறு, சோளம். மந்திரம் மாதிரி அது போய்க்கொண்டேயிருக்க, ஒவ்வொரு வீட்டிலும் அடுப்புக்கரியால் சுவரில் ஆறு மோதலுக்கும் கோடு கிழித்தார்கள். மாரிக்கனி கிழிக்கக் கிழிக்க யாழினி பக்கத்தில் நின்று, சுவரில் கோடு ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எங்கிருந்து வருகிறது என்று தெரியாமலே அம்மாவின் கை எதையோ கேட்டு எழுதுகிறது என்பது அவளுக்குப் பிடிபட்டிருக்க வேண்டும். அடுத்த கோடு எந்த இடத்தில் விழும் என்று விரலை வைத்து வைத்துப் பார்த்தாள், பாதிக்குப் பாதி சரியாக இருந்தது. நூற்றிமுப்பதாவது நூல் முடிந்தபோது டீச்சர் முடிவு என்று ஒன்றும் சொல்லவில்லை, மைக்கை அணைத்துவிட்டாள். சொல்லத் தேவையில்லை. நூற்றிமுப்பது வீட்டுச் சுவரும் ஒன்றையே சொல்லியது. கடலை எல்லாரையும் ஜெயித்திருந்தது. நெருக்கமாக மோதிய கீழத்தெருவைக்கூடத் தொண்ணூற்றொன்றுக்கு முப்பத்தொன்பது.

இருபத்திமூன்றாம் தேதி காலையில் முன்வாசலில் இறங்கினால் தெரு தெருவாக இருந்தது. ஒச்சம்மாள் எதிரே வந்து யாழினியைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். ஆனால் ரோட்டைச் சோதித்துப் பார்க்க யாருக்கும் தைரியம் வரவில்லை. ஒன்பது மணி பஸ்ஸைச் சுற்றி ஊரே நின்றதே தவிர ஒருத்தர் ஏறவில்லை. மாரிக்கனி பிள்ளையோடு ஏறினாள். மதுரையில் ஒரு ஆள்தான் கூட இருக்கலாம் என்றிருந்ததால் அய்யாத்துரை பையை ஏற்றிவிட்டுக் கீழே நின்றான். வண்டி நகரப் போகிற நேரத்தில் கோமதிநாயகம் அண்ணாச்சி வெள்ளை வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வந்து ஏறி, முன்சீட்டில் உட்கார்ந்தார்.

நாற்பத்தொன்று போனது. நாற்பத்தாறு போனது, பாலில்லாத டீக்கடை தூசி பிடித்துக் கிடந்தது. ஐம்பதில் மாரிக்கனி யாழினியை இறுக்கிப் பிடித்தாள். அறுபதில் கண்ணை மூடிக்கொண்டாள். மடி கனமாகவே இருந்தது. பஸ் ஒரு தடவை குலுங்கி நின்றது. கண்ணைத் திறந்தால் எதிரே லாரிகள் பறந்துகொண்டிருந்தன, மெயின்ரோடு.

அண்ணாச்சி முதலில் இறங்கி, அறுபத்தாறாவது கம்பத்தடியில் நின்று தன் கால்களைக் குனிந்து பார்த்தார்.

“தோத்தவனையும் விட்டிருக்கு தாயி,” என்றார். “நான் அதைப் பாக்கத்தான் வந்தேன்.”

கலையரங்கம் அடுத்த தடவை வரும் அண்ணாச்சி என்று மாரிக்கனி சொன்னாள், சும்மா ஆறுதலுக்குச் சொல்லவில்லை, அவளுக்கும் ராஜா கால் சிக்காமல் ஒரு நாடகம் பார்க்க ஆசைதான். வீட்டில் ராசம்மாள் மொச்சையை எத்தனாவதாகக் கோத்தாள் என்று இன்றுவரை சொல்ல மாட்டேன் என்கிறாள் என்று அவர் சொன்னார். சொல்லும்போது அவருக்கே சிரிப்பு வந்தது.

மதுரை வண்டி கூட்டமாக வந்து நின்றது. மாரிக்கனி ஒரு கையில் பையும் ஒரு கையில் பிள்ளையுமாகப் படியில் கால் வைக்கத் தடுமாற, பிள்ளையை இங்கே கொடு, நீ முதலில் ஏறு என்று அவர் யாழினியை வாங்கிக்கொண்டார். மாரிக்கனி ஏறித் திரும்பி இரண்டு கையையும் நீட்டினாள். அவர் பிள்ளையைத் தலைக்கு மேல் தூக்கிக் கொடுத்தார். வண்டி புறப்பட்டது. ஜன்னல் வழியாக அவள் எட்டிப் பார்த்தபோது அண்ணாச்சி இரண்டு பக்கமும் லாரி வருகிறதா என்று பார்த்துவிட்டு, மெயின்ரோட்டின் அந்தப் பக்கத்துக்கு ஒரு எட்டு எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்த்தார். பிறகு இன்னொரு எட்டு வைத்தார்.